சமூக மன்ற முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களுக்கு

எங்கள் பேட்டைச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் நான் தொண்டூழியம் செய்கிறேன். பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்கும்போதும் சரி, முதியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கும் காலை வேளைகளிலும் சரி, நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். நான் மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் ஊழியன் இல்லை, இது அதிகாரபூர்வ அறிவிப்பும் இல்லை. கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சமூக மன்றம்னா பூப்பந்து விளையாடுற இடம், டான்ஸ் கிளாஸ் நடக்கிற இடம். அதுக்கு மேல அங்க என்ன இருக்கு?

அந்த இரண்டும் இன்னும் நடக்கின்றன. மக்கள் கழகம் 1960 ஜூலை 1 அன்று அமைந்தபோது அதன் கைக்கு வந்தவை 28 சமூக நிலையங்கள். பெரும்பாலும் எளிய கட்டடங்கள், விளையாட ஒரு திடல். 1963இல் தொலைக்காட்சி வந்தபோது, வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்கள் அங்கே போய்த்தான் பார்த்தார்கள். இன்று தீவு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மன்றங்கள் இருக்கின்றன.

மன்றத்தின் வேலை விரிந்ததைப் பலர் நெருக்கடிக் காலத்தில்தான் கவனித்தார்கள். 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது வசதி குறைந்த வீடுகளுக்கு முகக்கவசம் கொண்டுசேர்த்தவை தொண்டூழியர்களின் அடித்தள அமைப்புகள். கோவிட் வந்த 2020 பிப்ரவரியில் வீட்டுக்கு நான்கு முகக்கவசம், ஏப்ரலில் துவைத்துப் போடும் கவசம், செப்டம்பரில் தொடர்புத் தடம் அறியும் டிரேஸ்டுகெதர் கருவி, அடுத்த ஆண்டு தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் மன்றத்துக்குத்தான் போனோம். அதுவரை அந்த வாசற்படியை மிதிக்காதவர்களுக்கும் வழி தெரிந்துவிட்டது. இப்போது அவர்கள் வேறு வேறு காரியங்களுக்காகத் திரும்பி வருகிறார்கள்.

உள்ளே போக அட்டை வேணுமா? யாராவது நிறுத்திக் கேப்பாங்களா?

வேண்டாம், கேட்க மாட்டார்கள். மக்கள் கழகத்தின் பேஷன் அட்டை வைத்திருந்தால் வகுப்புக் கட்டணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சும்மா உட்கார, முகப்பில் ஒன்று விசாரிக்க, பொது நிகழ்ச்சியைப் பார்க்க எதுவும் தேவையில்லை. அரசாங்கக் காரியம் எதற்காவது போனால் அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். அதை மறந்து வீட்டுக்குத் திரும்பி நடப்பவர்கள்தான் அதிகம்.

சிசி, ஆர்சி, சிடிசி, எஸ்எஸ்ஓ... எல்லாம் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை. பாதி அலைச்சலுக்கு இந்தக் குழப்பம்தான் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிசி என்பது சமூக மன்றம், மக்கள் கழகம் நடத்துவது. ஆர்சி என்பது வசிப்போர் குழு. 1978இல் தொடங்கியது, உங்கள் புளோக்கையும் சுற்றியுள்ள சில புளோக்குகளையும் பார்த்துக்கொள்ளும் தொண்டூழியர் குழு, அதன் அறை பெரும்பாலும் கீழ்த்தளத்திலேயே இருக்கும். சிடிசி என்பது சமூக மேம்பாட்டு மன்றம். நாடு முழுவதற்கும் ஐந்தே ஐந்துதான். அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் பற்றுச்சீட்டில் அந்தப் பெயர் இருப்பதால் எல்லாரும் அதன் அலுவலகத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டாம்.

எஸ்எஸ்ஓ எனப்படும் சமூக சேவை அலுவலகம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தது. காம்கேர் பண உதவியை முடிவு செய்பவர்கள் அவர்கள். குடும்ப சேவை நிலையம் இன்னொன்று, அங்கே சமூக ஊழியர்கள் இருப்பார்கள்: குடும்பச் சண்டை, கடன் தொல்லை, பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது போன்றவற்றுக்கு. மன்ற முகப்பில் இருப்பவர் இவற்றில் எதற்கும் அதிகாரி இல்லை. எங்கே போக வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும், படிவத்துக்கு உதவ முடியும், சில சமயம் தொலைபேசியில் பேசியும் விடுவார். முடிவு அவர் கையில் இல்லை. இது தெரியாமல் அவர் மேல் கோபப்படுவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தெம்பனிஸ்ல பெருசா 'ஹப்' கட்டியிருக்காங்களே, அதுவும் சமூக மன்றம்தானா?

சமூக மன்றமும் அதற்குள் இருக்கிறது என்று சொல்லலாம். நமது தெம்பனிஸ் நடுவம் பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கம் இருந்த இடத்தில் கட்டப்பட்டு 2017இல் முழுமையாகத் திறந்தது. என்ன வேண்டும் என்று 15,000க்கும் அதிகமான குடியிருப்பாளர்களைக் கேட்டுத் திட்டமிட்டார்கள். 5,000 இருக்கைகளோடு காற்பந்துத் திடல், நீச்சல் குளங்கள், வட்டார நூலகம், உணவங்காடி நிலையம், கலையரங்கம், கூடவே பல அரசாங்க அமைப்புகளின் வேலைகளை ஒரே முகப்பில் முடித்துத் தரும் பொதுச் சேவை நிலையம்.

இதே பாணியில் பிடோக்கில் ஹார்ட்பீட் கட்டடம் வந்தது, மன்றமும் நூலகமும் பலதுறை மருந்தகமும் சேர்ந்து. பிறகு பொங்கோலில் ஒன் பொங்கோல், செம்பவாங்கில் புக்கிட் கேன்பரா. இதன் பலன் என்னவென்று கேட்டால், கட்டடத்தின் அழகைப் பற்றி எனக்கு அதிக அக்கறை இல்லை. மருந்து வாங்க வந்த தாத்தா வரிசை எண்ணை எடுத்துவிட்டுப் பக்கத்து முகப்பில் அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கைச் சரிசெய்துகொண்டு போகிறார். மகனை நீச்சலுக்கு விட்ட அம்மா காத்திருக்கும் நேரத்தில் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் எடுக்கிறார். அதற்கென்றே கிளம்பி வரச் சொன்னால் இருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

குறையும் உண்டு. பெரிய கட்டடத்தில் முதல் தடவை போகும் முதியவர் மின்படியில் ஏறி இறங்கியே களைத்துவிடுவார். முதல் முறை கூட ஒருவர் போவது நல்லது.

எங்க பேட்டையில அப்படி ஒண்ணும் இல்லையே. எல்லாத்துக்கும் தெம்பனிஸ் வரைக்கும் போகணுமா?

போக வேண்டாம். முகவரி மாற்றம், மத்திய சேம நிதிக் கணக்கு பார்ப்பது, பற்றுச்சீட்டு, வகுப்புப் பதிவு போன்றவற்றுக்கு அருகிலிருக்கும் சாதாரண மன்றத்திலேயே கைகாட்டி விடுவார்கள், இணையத்தில் செய்யக்கூடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவும் உதவுவார்கள். பெரிய நடுவத்தில் இருக்கும் சர்விஸ்எஸ்ஜி எனும் பொதுச் சேவை முகப்பின் வசதி, ஒரே ஆளிடம் நாலைந்து அமைப்புகளின் வேலையைப் பேச முடிவது. தாமான் ஜூரோங்கில் சமூக சேவை அலுவலகத்திலேயே வேலை தேடும் உதவியையும் குடும்ப உதவியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் பலவாகப் பின்னிக்கிடக்கும் குடும்பத்துக்கு அந்த மாதிரி இடம் தேவை. முகவரி மாற்ற அதுவரை போவது வீண்.

அம்மாவுக்குக் கைப்பேசியே வராது. சிடிசி பற்றுச்சீட்டை எப்படி எடுக்கிறது?

வீட்டில் ஒருவர் எடுத்தால் போதும், அது வீட்டுக்கு ஒன்றுதான். உங்கள் சிங்பாஸில் எடுத்தால் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும், அதை அம்மாவுக்கும் அனுப்பலாம். அம்மா தனியாக இருக்கிறார், சிங்பாஸும் இல்லை என்றால் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்கு அழைத்துப் போங்கள். தாளில் அச்சடித்தும் தருவார்கள். 2, 5, 10 வெள்ளியாகப் பிரித்திருக்கும். பாதி உணவங்காடிக் கடைக்கும் பேட்டைக் கடைக்கும், மறுபாதி பேரங்காடிக்கு. ஒன்றை மற்றதில் பயன்படுத்த முடியாது.

கைப்பேசி உதவி நேரத்தில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சொல்கிறேன். இணைப்பு வந்திருக்கும், ஆனால் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் புதைந்திருக்கும். கவ்.எஸ்ஜி (gov.sg) என்ற பெயரில் வந்ததைத் தேடி எடுத்து, திறந்து, அந்தப் பக்கத்தை முகப்புத் திரையில் ஒரு சின்னமாகப் போட்டுக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை அவர்களே தொட்டுத் திறப்பார்கள். இன்னொன்று, மின்கலம் தீராமல் இருக்க முதியவர்கள் திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் க்யூஆர் குறியீட்டை வருட முயல்வார், படிக்காது, பின்னால் வரிசை சேரும், அம்மா வெட்கப்பட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். 'இது வேலை செய்யல தம்பி' என்று கொண்டுவரும் கைப்பேசியில் நான் முதலில் பார்ப்பது வெளிச்சத்தைத்தான்.

அங்க உதவி பண்றவங்ககிட்ட சிங்பாஸ் கடவுச்சொல்லைச் சொல்லலாமா? நல்ல பிள்ளைங்கதானே.

நல்ல பிள்ளைகள்தான், இருந்தாலும் சொல்லக் கூடாது. 2020இல் எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகம் தொடங்கியது முதல் மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் உட்காருகிறார்கள். முறையாகப் பழகியவர் கடவுச்சொல் பகுதி வரும்போது கைப்பேசியை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாளில் எழுதி அட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை வீட்டிலேயே விட்டு வாருங்கள். முக அடையாளம் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து 'சமூக மன்றத்திலிருந்து பேசுகிறோம், கணக்கு எண் சொல்லுங்கள்' என்றால் வைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1799க்கு அழைக்கலாம், அது மோசடி பற்றி விசாரிக்கவே உள்ள எண்.

வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. மன்றத்துல ஏதாவது பணம் கொடுப்பாங்களா?

மன்றம் மாதாமாதம் பணம் கொடுக்காது. மேலே சொன்ன நான்கு பெயர்களில் இதற்கு உரியது சமூக சேவை அலுவலகம், காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000. வேலை தேடும் பக்கத்துக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஒன்று இருக்கிறது. தானாக வேலையை விடாமல், வேலையிழந்து நிற்பவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். வேலை தேடுவதற்கான அடையாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மன்றத்தில் என்ன கிடைக்கும்? சில பேட்டைகளில் தொண்டூழியர்கள் அரிசி, மளிகை கொடுக்கிறார்கள். சில மன்றங்களில் மாலையில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசி மாதச் சம்பளமும் தீர்ந்த பிறகு வருகிறார்கள் நம்மவர்கள். விண்ணப்பம் பார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கையில் கொஞ்சம் இருக்கும்போதே போங்கள்.

நான் வேலை அனுமதிச் சீட்டுல இருக்கேன். விடுதியில தங்கியிருக்கேன். நான் வரலாமா?

வரலாம். உள்ளே நுழைய அட்டை தேவையில்லை என்று முன்பே சொன்னது உங்களுக்கும் பொருந்தும். விழா, தமிழ் நிகழ்ச்சி எதிலும் உட்காரலாம். வேலை முடிந்த உடையில் வந்து வாசலில் தயங்கி நிற்கும் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம், உள்ளே குளிர்சாதனமும் குடிநீரும் எல்லாருக்கும்தான்.

உங்களுக்கென்றே வேறு இடங்களும் உண்டு: பெஞ்சுரு, கிராஞ்சி, சூன் லீ, துவாஸ் சவுத், கோக்ரேன் போன்ற பொழுதுபோக்கு நிலையங்கள். மன்றங்கள் இப்போது போகும் வழியில் இவை முன்னமே போய்விட்டன என்று எனக்குத் தோன்றும். பந்து விளையாடப் போகிற இடத்திலேயே ஊருக்குப் பணம் அனுப்பலாம், மளிகை வாங்கலாம், முடி வெட்டலாம், சிலவற்றில் மருத்துவரையும் பார்க்கலாம். கோவிட் காலத்தில், 2021இல், விடுதி ஊழியர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு பெரும்பாலும் இந்த நிலையங்களுக்கு மட்டுமே போக முடிந்தது, அதனால் சிலருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே பிடிக்காது. அது நியாயம்தான். சம்பளப் பாக்கி, காயத்துக்கு இழப்பீடு போன்ற விஷயமென்றால் மன்ற முகப்பில் நேரத்தை விட வேண்டாம், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா மூணு மாசத்துக்கு வந்திருக்காங்க. வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறாங்க.

காலையில் மன்றத்துக்கோ வசிப்போர் குழு அறைக்கோ ஒரு முறை அழைத்துப் போய்விடுங்கள், அடுத்த நாள் அவர்களே போவார்கள். நூலகத்தில் தமிழ் நாளிதழும் புத்தகமும் அங்கேயே உட்கார்ந்து படிக்கக் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் வெளிநாட்டவர் கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டும். நீச்சல் குளத்துக்கும் வகுப்புக்கும் கட்டணம் நமக்கு இருப்பதைவிடக் கூடலாம்.

இங்கேயே இருக்கிற வயசானவங்களுக்கு? பாட்டு கிளாஸ் தவிர வேற ஒண்ணும் இல்லையா?

65 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு விளையாட்டுக் கழகத்தின் ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இலவசம், இது பலருக்குத் தெரியவில்லை. புளோக் கீழே இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. அவற்றை நடத்துவது மக்கள் கழகம் அல்ல, சமூக சேவை அமைப்புகள். உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது, தனியாக இருப்பவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவது எல்லாம் உண்டு. எந்த நிலையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1800-650-6060.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கும் கம்போங் அட்மிரல்ட்டி. டிபன் கேரியர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள்: கீழே திறந்த முற்றம், அதற்கு மேல் உணவங்காடி, அதற்கு மேல் மருத்துவ நிலையம், உச்சியில் படிப்படியாகத் தோட்டம். முதியோருக்கென்று 104 வீடுகள். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையும் முதியோர் நிலையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பேரனை விட வந்த பாட்டி திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட ஒரு காரணம் கிடைக்கிறது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவா வராது. தமிழ்ல பேசினா உதவுவாங்களா?

எழுதி ஒட்டியிருப்பதில் தமிழ் பெரும்பாலும் இருக்கும். முகப்பில் தமிழ் பேசுபவர் இருப்பது அந்த நாளின் அதிர்ஷ்டம். இல்லையென்றால் 'இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் யாராவது இருக்கிறார்களா' என்று கேளுங்கள், தொலைபேசியிலாவது பிடித்துத் தருவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கும் மன்றத்தில் நடப்பதை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் இந்தக் குழுதான். வழக்கமாக எங்களை மேடை போடுபவர்களாக மட்டுமே பார்க்கிறார்கள். மொழிபெயர்க்கவும் வருவோம்.

எல்லாச் சேவையையும் உள்ள கொண்டுவந்துட்டா, பிள்ளைங்க விளையாட இடம் எங்க? பூப்பந்துத் திடல் கிடைக்கவே மாட்டேங்குதே!

நியாயமான எரிச்சல். முதலில் ஒரு நடைமுறை விஷயம்: மன்றத்தின் திடலுக்கு ஒன்பிஏ செயலி, விளையாட்டுக் கழகத்தின் திடலுக்கு ஆக்டிவ்எஸ்ஜி செயலி. தெம்பனிஸ் நடுவம் போல இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் பதிவு வேறு வேறு. ஒன்றில் இல்லை என்றால் மற்றதைப் பாருங்கள், ஆக்டிவ்எஸ்ஜியில் பள்ளிக்கூட மண்டபங்களும் இருக்கும். இணையத்தில் பதிவுகளை லாபம் வைத்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம், பிடிபட்டால் உங்கள் விளையாட்டும் போகும்.

பெரிய கேள்விக்கு என் பதில்: மாலை ஏழு மணிக்கு மண்டபத்தை எதற்குக் கொடுப்பது என்பதில் இழுபறி இருக்கத்தான் செய்கிறது. திடலைச் சுருக்கித் திரைகளும் இயந்திரங்களும் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பந்தடிக்க வரும் பதினைந்து வயதுப் பையன்தான் பின்னால் தொண்டூழியனாகிறான், இயந்திரத்தைத் தேடி எவனும் வருவதில்லை. மன்ற நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். குடியிருப்பாளர்கள் கேட்டு மாறிய நேர அட்டவணைகள் உண்டு.

மேல் வீட்டுல ராத்திரி பூரா நாற்காலியை இழுக்கிறாங்க. மன்றத்துல சொல்லலாமா?

வசிப்போர் குழுவிடம் சொல்லுங்கள், யாராவது மேலே போய் நயமாகப் பேசுவார்கள். சரிவராவிட்டால் சமூக சமரச நிலையம், 1998 முதல் சட்ட அமைச்சின்கீழ் இருக்கிறது. மன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்க மன்றத்துக்குத்தான் வரணுமா? எங்க தொகுதி பாட்டாளிக் கட்சி, எங்களுக்கு மன்றத்துல வேலை நடக்குமா?

உறுப்பினர் தொகுதி மக்களைப் பார்க்கும் 'மக்கள் சந்திப்பு' நிகழ்வை நடத்துவது அவருடைய கட்சி. அது வேறு இடத்தில், பெரும்பாலும் புளோக் கீழே கட்சிக் கிளையில் நடக்கும். கட்சி வேலைக்கு மன்றத்தில் இடமில்லை என்பது மக்கள் கழகத்தின் நிலைப்பாடு.

இரண்டாவது பாதிக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். மக்கள் கழகத்துக்குப் பிரதமர்தான் தலைவர். ஒவ்வொரு தொகுதிக்கும் அடித்தள அமைப்புகளின் ஆலோசகர் ஒருவரைக் கழகம் நியமிக்கும். ஆளுங்கட்சி வென்ற இடத்தில் அது அந்த உறுப்பினரே. அல்ஜுனிட், ஹவ்காங், செங்காங் போன்ற இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஆலோசகர் ஆவதில்லை, ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்தான். அரசாங்கத் திட்டங்களைக் கொண்டுசேர்ப்பது ஆலோசகரின் வேலை, எதிர்க்கட்சியாரிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பது அரசாங்கத்தின் விளக்கம். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஒதுக்குவது சரியா என்று எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்தில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். விழா மேடையில் யார் உட்காருகிறார் என்பதில் அந்த வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரியும். முகப்பில் தெரியாது. பற்றுச்சீட்டு, வகுப்பு, கைப்பேசி உதவி எதற்கும் தொகுதியையோ வாக்கையோ கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

நானும் ஏதாவது உதவலாமா? படிப்பு அவ்வளவா இல்லை, நேரம்தான் இருக்கு.

நேரம்தான் வேண்டும். முகப்பில் பெயரும் எண்ணும் கொடுங்கள், தமிழ் பேசுவீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். கைப்பேசி உதவி நேரத்தில் ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் கிடைக்கிறார்கள், நம் பாட்டிமாரிடம் பொறுமையாகத் தமிழில் பேச ஆள் குறைவு. உடனே அழைக்காவிட்டால் வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள் என எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டியல் ஓர் ஊழியரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது தொலைந்துபோவது சகஜம், திரும்பவும் போய்க் கேளுங்கள். அல்லது அடுத்த விழாவன்று ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள், நாற்காலி எப்போதும் இருக்கிறது.